தேன்: எங்கே மருந்து, எங்கே வெறும் இனிப்பு

தேன் பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது வாய்க்கா, புண்ணுக்கா? மருத்துவத் தேன் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் இரண்டு வேறு வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, சமையலறை அலமாரியில் இருக்கும் சாப்பிடுகிற தேன். இருமலுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் அதுவே போதும். இன்னொன்று, காயத்தின்மேல் போடுவதற்கென்றே கிருமி நீக்கி, ட்யூபிலோ கட்டுத்துணியிலோ அடைத்து விற்கப்படுவது. முதலாவதை எடுத்து இரண்டாவதன் வேலைக்கு விடுவதுதான் புதிதாக ஆரம்பிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு. நானும் செய்திருக்கிறேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

அடுத்த தவறு அளவில் நடக்கிறது. இயற்கையாகக் கிடைப்பதுதானே, கொஞ்சம் கூடப் போனால் என்ன என்ற நினைப்பு. மாத்திரையை யாரும் கைக்கு வந்தபடி அள்ளி விழுங்குவதில்லை. தேனை மருந்து என்று சொல்லிக்கொண்டு எடுத்தால், மருந்துக்கு உள்ள ஒழுங்கு அதற்கும் வேண்டும்: எதற்கு, எவ்வளவு, எத்தனை நாள், யாருக்குக் கூடாது. கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம். மற்றதைப் படிக்க நேரம் இல்லாதவர்கள் இதை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

யாருக்குக் கூடாது

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. நாக்கில் தொட்டு வைப்பது, நிப்பிளில் தடவுவது, வெந்நீரில் கலந்து ஊட்டுவது எதுவும் வேண்டாம். தேனில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்க வாய்ப்பு உண்டு. பெரியவர்கள் வயிற்றில் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அவற்றை முளைக்க விடுவதில்லை. கைக்குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமைந்திருக்காது. வித்து அங்கேயே முளைத்து, நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கிவிடும். இதைக் குழந்தைப் பருவ போட்டுலிசம் என்பார்கள். 1976-இல்தான் இது தனி நோயாக அடையாளம் காணப்பட்டது.

பெரும்பாலும் மலச்சிக்கலில் ஆரம்பிக்கும். பிறகு பால் உறிஞ்சும் வலு குறையும், அழுகைச் சத்தம் மெலியும், கண்ணிமை தொங்கும், கழுத்து நிற்காது, உடம்பு துணி மாதிரித் துவளும். இவற்றில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ‘கொதிக்க வைத்தால் செத்துவிடாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. சாகாது. இந்த வித்துகள் கொதிநீருக்கு அசைந்து கொடுக்காதவை. ‘எங்களுடையது சுத்தமான தேன்’ என்ற பதிலும் இங்கே செல்லாது. வித்து மண்ணிலும் தூசியிலும் இருப்பது, தேனீயோடு கூட்டுக்குள் வந்துவிடும். கலப்படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிறந்தநாள் தாண்டட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் தேனையும் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். ஒரு தேக்கரண்டித் தேன் சுமார் 7 கிராம். அதில் கிட்டத்தட்ட 6 கிராம் சர்க்கரை. ரத்தச் சர்க்கரையை அது நிச்சயம் ஏற்றும். ஃபிரக்டோஸைச் செரிக்க முடியாத பரம்பரைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தேன் அறவே ஆகாது. மகரந்தத்துக்கோ தேனீ சார்ந்த பொருள்களுக்கோ முன்பு ஒவ்வாமை வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். சிலருக்குத் தேன் சாப்பிட்டால் வயிறு உப்பும், பேதி ஆகும். அது ஃபிரக்டோஸ் செய்யும் வேலை. அளவைக் குறைத்துப் பாருங்கள், அப்படியும் நிற்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

தேன் எப்படி வேலை செய்கிறது

பூவிலிருந்து தேனீ உறிஞ்சும் மதுவில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதைக் கூட்டுக்குக் கொண்டுவந்து, வாய் மாற்றி வாய் மாற்றிக் கக்கி, இறக்கையால் விசிறி, தண்ணீர் 17, 18 சதவீதத்துக்கு வரும்வரை தேனீக்கள் வற்றவைக்கின்றன. மீதியில் ஏறக்குறைய எல்லாமே சர்க்கரை. அதிலும் ஃபிரக்டோஸும் குளுக்கோஸும்தான் அதிகம். இவ்வளவு கெட்டியான சர்க்கரைக் கரைசலில் விழும் கிருமியின் உடலிலிருந்து தண்ணீர் உறிஞ்சப்பட்டுவிடும். ஊறுகாய்க்கு உப்பு செய்யும் காவலைத் தேனுக்குச் சர்க்கரை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே புளிப்பும் இருக்கிறது. இனிப்பு மறைத்துவிடுவதால் நாக்குக்குத் தெரிவதில்லை. தேனின் பிஎச் அளவு சராசரியாக 4-ஐ ஒட்டி இருக்கும். பல கிருமிகளுக்கு இந்த அமிலமே ஆகாது.

மூன்றாவது விஷயம்தான் எனக்குப் பிடித்தது. மதுவை வற்றவைக்கும்போது தேனீ தன் சுரப்பியிலிருந்து குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியைச் சேர்க்கிறது. கெட்டித் தேனில் அது தூங்கிக் கிடக்கும். கொஞ்சம் ஈரம் பட்டதும், புண்ணில் கசியும் நீராக இருந்தாலும் சரி, எழுந்து வேலையை ஆரம்பிக்கும்: குளுக்கோஸை ஆக்சிஜனோடு வினைபுரியச் செய்து, ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறுகச் சிறுக வெளிவிடும். மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினால் நுரைக்குமே, அதே பொருள்தான். ஆனால் அளவு மிகக் குறைவு, மெதுவாகவும் வருகிறது. அதனால் திசுவை அவ்வளவாகப் புண்படுத்துவதில்லை. அதிகச் சூடு பட்டால் இந்த நொதி கெட்டுவிடும். வெளிச்சத்தில் வெகுநாள் கிடந்தாலும் வலு குறையும்.

மனுகா தேன் இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. நியூசிலாந்தில் வளரும் லெப்டோஸ்பெர்மம் ஸ்கோபேரியம் என்ற செடியின் பூவிலிருந்து கிடைப்பது அது. பெராக்சைடை நீக்கிய பிறகும் அந்தத் தேன் கிருமியைத் தடுத்தது. பல ஆண்டுகள் புதிராக இருந்த அதன் காரணத்தை 2008-இல் ஜெர்மனியிலும் நியூசிலாந்திலும் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்: மெத்தில்கிளையாக்சால் என்ற வேதிப்பொருள். அந்தப் பூவின் மதுவில் உள்ள டைஹைட்ராக்சி அசிட்டோன், தேன் இருக்க இருக்க மெல்ல மெத்தில்கிளையாக்சாலாக மாறுகிறது. பாட்டிலில் எம்ஜிஓ 263 என்று போட்டிருந்தால், ஒரு கிலோ தேனில் அது 263 மில்லிகிராம் இருக்கிறது என்று பொருள். யுஎம்எஃப் 10+ என்பதும் ஏறக்குறைய அதே தரம்தான், வேறு அளவுகோல்.

எண் கூடக் கூட விலை கூடும். பலனும் அப்படியே கூடுமா என்றால், ஆய்வகத் தட்டில் வளர்த்த கிருமியிடம் கூடும். விழுங்கும் தேனுக்கு அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. இருமலுக்கு நடந்த முக்கியமான ஆய்வுகளில் கொடுத்தது மனுகாவே அல்ல. அதனால் தொண்டைக்கு வாங்குபவர்கள் அந்த எண்ணுக்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

வாங்கும்போது

உட்பொருள் பட்டியலில் தேன் என்ற ஒரு சொல் மட்டும் இருக்க வேண்டும். சிரப், தேன் சுவை, தேன் கலந்தது என்று எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், பொதுவாகத் தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. எச்எம்எஃப் என்ற வேதிப்பொருளின் அளவும் உண்டு. தேன் சூடேற்றப்பட்டதா, பழசாகிவிட்டதா என்பதை அது காட்டும். கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்பது வரம்பு. வெப்ப நாடுகளின் தேனுக்கு 80 வரை விட்டிருக்கிறார்கள். தயாரிப்பாளர் ஆய்வறிக்கை தருகிறார் என்றால் இந்த இரண்டு எண்களைத் தேடிப் பாருங்கள்.

வீட்டுச் சோதனைகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் யாராவது கேட்பீர்கள். தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போய் நிற்க வேண்டும், திரியில் நனைத்தால் எரிய வேண்டும், காகிதத்தில் ஊறக் கூடாது, எறும்பு வரக் கூடாது. இவையெல்லாம் சோதிப்பது கெட்டித்தன்மையை மட்டும்தான். கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு இந்தப் பரீட்சைகளில் எளிதாகப் பாஸ் பண்ணிவிடும். கொஞ்சம் ஈரம் கூடிய நல்ல தேன் ஃபெயில் ஆகும். எறும்புக்கோ தேனும் வேண்டும், பாகும் வேண்டும். உண்மையான சோதனை ஆய்வகத்தில்தான் நடக்கிறது. கரும்பு, மக்காச்சோளச் சர்க்கரையைக் கார்பன் ஐசோடோப்பு சோதனை காட்டிக்கொடுக்கும். அரிசிப் பாகு அதற்குத் தப்பிவிடும் என்பதால் என்எம்ஆர் போன்ற வேறு முறைகளையும் பயன்படுத்துகிறார்கள். நம்மால் முடிந்தது, எங்கே யார் எடுத்த தேன் என்று சொல்லக்கூடியவரிடம் வாங்குவதுதான்.

உறைந்து, மணல் மாதிரி ஆன தேனைப் பார்த்துச் சர்க்கரை கலந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். குளுக்கோஸ் அதிகமுள்ள தேன் உறையத்தான் செய்யும். நிறமும் பூவைப் பொறுத்தது. கறுப்பாக இருப்பது பழையது என்றும் இல்லை, வெளுப்பாக இருப்பது போலி என்றும் இல்லை. கொசுத்தேன் தனி இனம். கொட்டாத சின்னத் தேனீயுடையது. அதில் தண்ணீர் கூடுதல், புளிப்பும் கூடுதல், சீக்கிரம் புளித்துப் பொங்கவும் செய்யும். சாதாரணத் தேனின் அளவுகோலை அதற்கு வைக்கக் கூடாது.

சூடாக்காத, வடிகட்டாத பச்சைத் தேனில் நொதி அதிகம் மிஞ்சியிருக்கும் என்பது சரி. கிருமியற்றது என்று அர்த்தம் இல்லை. அப்புறம், காட்டுத் தேன் என்று சொல்லி மயக்கம் தரும் தேனை அபூர்வ மருந்தாக விற்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. துருக்கியின் கருங்கடல் பகுதியிலும் நேபாளத்திலும் சில ரோடோடென்ட்ரான் பூக்களின் தேனில் கிரயானோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் அது இறக்கிவிடும். கி.மு. 401-இல் அந்தக் கருங்கடல் பக்கத்தில் தேனடைகளைத் தின்ற கிரேக்க வீரர்கள் கூட்டமாகச் சுருண்டு விழுந்ததை, அந்தப் படையோடு இருந்த செனோஃபோன் எழுதிவைத்திருக்கிறார்.

இருமலுக்கு

தேனின் உள்மருந்துப் பயன்களில் ஆதாரம் நன்றாக இருப்பது இங்கேதான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், 2 முதல் 18 வயதுக்குட்பட்ட 105 பேர் கலந்துகொண்டார்கள். சளி பிடித்து இரவில் இருமுகிறவர்கள். படுப்பதற்கு அரை மணி முன்பு ஒரே ஒரு வேளை தேன். மருந்தே எடுக்காதவர்களைவிட அவர்களுடைய இருமல் குறைந்தது, தூக்கமும் மேம்பட்டது. வழக்கமான இருமல் மருந்தான டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனுக்குத் தேன் குறைந்துபோகவும் இல்லை. 2012-இல் இஸ்ரேலில் 1 முதல் 5 வயதுள்ள 300 குழந்தைகளிடம் மூன்று வகைத் தேனைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒப்பிடுவதற்காகக் கொடுத்த பேரீச்சைப் பாகைவிட மூன்றுமே நன்றாக வேலை செய்தன. எந்தப் பூ என்பது பெரிய விஷயமாக இருக்கவில்லை. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல்களில் சாதாரண இருமலுக்கு, ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தேனை முயன்று பார்க்கலாம் என்று சேர்த்திருக்கிறார்கள்.

செய்யும் முறை சிக்கலானதில்லை. முதலில் வயதைப் பாருங்கள். 2007 ஆய்வில் கொடுத்த அளவே நல்ல கணக்கு: 2 முதல் 5 வயதுவரை அரைத் தேக்கரண்டி, 6 முதல் 11 வரை ஒன்று, அதற்கு மேல் இரண்டு. பெரியவர்களுக்கும் இரண்டு தேக்கரண்டி போதும். ஒரு வயது முடிந்து இரண்டு நிரம்பாத குழந்தைக்கு அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டுக் கரண்டிகள் அளவில் ஏமாற்றும். மருந்து பாட்டிலோடு வரும் 5 மில்லி அளவு மூடியை எடுத்துக்கொள்ளுங்கள்.

படுக்கைக்குப் போக அரை மணி இருக்கும்போது கொடுங்கள். மடக்கென்று விழுங்காமல், நாக்கில் வைத்துக் கரையவிட்டு மெதுவாக இறக்கச் சொல்லுங்கள். கெட்டியாக வழிந்து தொண்டையில் ஒரு பூச்சுப் போல நிற்பது பாதி வேலையைச் செய்கிறது. உடனே தண்ணீர் குடித்தால் அந்தப் பூச்சு கழுவிக்கொண்டு போய்விடும். பத்து, பதினைந்து நிமிடம் விட்டு, வாய் கொப்பளித்து, பல் துலக்கிவிட்டுப் படுக்கலாம். பல்லைப் பொறுத்தவரை தேனும் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரைதான். மருந்து என்ற சலுகையைச் சொத்தை தருவதில்லை.

சிலருக்கு வெறும் தேன் திகட்டும். வெதுவெதுப்பான தண்ணீரிலோ, இஞ்சி, எலுமிச்சை போட்ட தேநீரிலோ கலந்து கொடுக்கலாம். கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல், உதடு வைத்துக் குடிக்கும் சூட்டுக்கு வந்ததும் கலந்தால் நொதி மிஞ்சும். தவறிப்போய்ச் சூட்டில் ஊற்றிவிட்டாலும் பதறிக் கொட்ட வேண்டியதில்லை. தேனைச் சூடாக்கினால் விஷமாகும் என்ற பேச்சு பலமாக உலவுகிறது. சூட்டில் நொதி குறைவதும் எச்எம்எஃப் கூடுவதும் உண்மை. ஆனால் அதே எச்எம்எஃப் வறுத்த காபிக் கொட்டையில் ஏராளமாக இருக்கிறது. ஒரு கோப்பை தேநீரில் கரைந்த தேன் யாரையும் நஞ்சேற்றியதாகத் தெரியவில்லை.

மூன்று இரவு பாருங்கள். பலன் தெரிந்தால் இருமல் அடங்கும்வரை தொடரலாம், தெரியாவிட்டால் விட்டுவிடலாம். தேன் இருமலை ஆற்றும். நோயை விரட்டும் என்று நினைக்க வேண்டாம். மூச்சு வாங்குவது, மூச்சில் விசில் சத்தம், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், இறங்காத காய்ச்சல், மூன்று வாரம் தாண்டிய இருமல் என்று எதுவாக இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர்கள் தேனை நம்பி அதை நிறுத்திவிடக் கூடாது.

புண்ணுக்கு

இப்போது என் கதை. ஒரு முறை தடுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். தேனின் பெருமைகளைப் படித்து முடித்திருந்த சமயம். சமையலறை பாட்டிலிலிருந்து, அதிலேயே கிடந்த கரண்டியால் தாராளமாக எடுத்துப் பூசி, கைக்குட்டையால் கட்டினேன். உடம்புச் சூட்டில் தேன் இளகி ஒரு மணி நேரத்தில் கணுக்கால்வரை வழிந்துவிட்டது. ராத்திரி எறும்பு வந்தது. மறுநாள் கைக்குட்டை புண்ணோடு காய்ந்து ஒட்டியிருந்தது. மூன்றாம் நாள் சுற்றிலும் சிவந்து வீங்க ஆரம்பித்ததும்தான் போய்க் காட்டினேன். கழுவிவிட்ட நர்ஸ், “இது சாப்பிடற தேன்தானே சார்? புண்ணுக்குப் போடறது வேற” என்று சிரிக்காமல் சொன்னார்.

வேறுதான். காயத்துக்கான தேனை காமா கதிர் செலுத்திக் கிருமி நீக்குகிறார்கள். சூடாக்கினால் நொதி போய்விடும் என்பதால்தான் கதிர்முறை. அதில் வித்துகளும் அழிகின்றன. வழிந்து ஓடாமல் இருக்க ஜெல்லாகவோ, கடற்பாசி நாரில் செய்த ஆல்ஜினேட் பட்டையில் ஊறவைத்தோ தருகிறார்கள்.

தேனைப் புண்ணில் போடுவது புதுப் பழக்கம் இல்லை. சுமார் 3,600 ஆண்டுகள் பழைய எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் சுவடியில் நார், கொழுப்பு, தேன் மூன்றையும் காயத்தில் வைத்துக் கட்டும் முறை இருக்கிறது. இன்றைய ஆதாரம் என்ன சொல்கிறது? 2015-இல் காக்ரேன் அமைப்பு 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பரிசீலித்தது. தோலின் மேலடுக்குகளை மட்டும் பாதித்த தீக்காயங்கள், வழக்கமான கட்டுகளைவிடத் தேன்கட்டில் நான்கைந்து நாள் முன்னதாக ஆறின. அறுவைக்குப் பின் சீழ்பிடித்த புண்களிலும் நல்ல பலன். காலிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் சிரைகளின் குறையால் வரும் நாள்பட்ட புண்ணில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வயிற்றில் குழாய் வைத்து டயாலிசிஸ் செய்பவர்களுக்குக் குழாய் வாயில் தேன் தடவிப் பார்த்த 2014 ஆய்வில், சர்க்கரை நோயாளிகளுக்குத் தொற்று கூடத்தான் செய்தது. எல்லாப் புண்ணுக்கும் தேன் என்று பொதுவாகச் சொல்ல முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நீங்களாக வீட்டில் பார்த்துக்கொள்ளக்கூடியது சின்னச் சிராய்ப்பு, மேலோட்டமான வெட்டு, உள்ளங்கையைவிடச் சிறிய லேசான சூட்டுக்காயம், அவ்வளவுதான். ஆழமான வெட்டு, ஆணி குத்து, விலங்குக் கடி, முகத்திலோ மூட்டிலோ தீக்காயம், சர்க்கரை நோயாளியின் காலில் எவ்வளவு சிறிய புண் என்றாலும் மருத்துவரிடம்தான். கண்ணுக்குள் தேன் விடுவது கூடவே கூடாது.

சூட்டுக்காயம் என்றால் தேனைத் தேடுவதற்கு முன் குழாயைத் திறங்கள். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதுதான் முதலுதவி. சூடு இறங்காத தோலில் எதைப் பூசினாலும் பயன் இல்லை.

அப்புறம் கையை சோப்புப் போட்டுக் கழுவி, புண்ணில் மண்ணோ தூசியோ இல்லாமல் சுத்தமான தண்ணீர் விட்டு அலசுங்கள். சுற்றியுள்ள தோலை ஒற்றி உலர்த்துங்கள். தேனைப் புண்ணில் பூசுவதைவிடக் கட்டுத்துணியில் பரவலாகத் தடவி, அந்தப் பக்கத்தைப் புண்மேல் வைப்பது நல்லது. வலியும் குறைவு, சீராகவும் படியும். புண்ணின் அளவைவிடத் துணி கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். அதற்கு மேல் ஈரம் உறிஞ்சும் இன்னொரு பட்டை கட்டாயம் வேண்டும். தேன் உள்ளிருந்து நீரை இழுக்கும் என்பதால் முதல் ஓரிரு நாள் கசிவு கூடும். அது கெட்ட அறிகுறி இல்லை. ஆனால் நனைந்த கட்டை அப்படியே விட்டால் சுற்றுத்தோல் வெளுத்து ஊறிவிடும். அதனால் ஆரம்பத்தில் தினமும் மாற்றுங்கள். கசிவு குறைந்ததும் பாக்கெட்டில் சொன்ன இடைவெளிக்குப் போகலாம். துணி ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் சலைன் ஊற்றி ஊறவைத்து எடுங்கள்.

போட்டவுடன் கொஞ்சம் எரியும், சுருக்கென்று இழுக்கும். அமிலமும் நீரிழுப்பும் செய்யும் வேலை அது. சிறிது நேரத்தில் அடங்க வேண்டும். அடங்காமல் கூடினால் கழுவிவிட்டு அந்தத் தேனை விட்டுவிடுங்கள். சிவப்பு பரவினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், சிவப்புக் கோடு மேலே ஏறினால் அதற்கு மேல் வீட்டு வைத்தியம் வேண்டாம். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்பது நினைவில்லாவிட்டால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தேன் அதற்கு மாற்று இல்லை.

மற்ற உபயோகங்கள், சுருக்கமாக

உதட்டோரம் வரும் அக்கிக் கொப்புளத்துக்கு நியூசிலாந்தில் 900-க்கும் மேற்பட்டவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2019-இல் வெளியானது. மருத்துவத் தரமுள்ள கானுகா தேனும் (மனுகாவைப் போன்ற இன்னொரு செடியின் தேன்) வைரஸ் எதிர்ப்பு மருந்தான அசைக்ளோவிர் களிம்பும் ஆற்ற எடுத்துக்கொண்ட நாள்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். தேனுக்கு இது பாராட்டா, களிம்புக்கு இது குறையா என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன். அதே தேனை முகப்பருவுக்குப் பூசிப் பார்த்த 2016 ஆய்வில் பெரிய பலன் தெரியவில்லை. வெடித்த உதட்டுக்கு ராத்திரி ஒரு சொட்டு, வறண்ட முகத்துக்குப் பத்து நிமிடம் பூசிக் கழுவுவது போன்றவை நல்ல சுகம், தடவிப் பார்க்கலாம். முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

காலையில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் குடித்தால் கொழுப்பு கரையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒரு மேசைக்கரண்டித் தேனில் 64 கலோரி இருக்கிறது. இனிப்புப் பானத்தை விட்டுவிட்டு இதைக் குடித்தால் எடை குறையலாம். குறைத்தது தேன் அல்ல, விட்டுவிட்ட பானம். மகரந்த ஒவ்வாமைக்கு உள்ளூர்த் தேன் என்ற யோசனையிலும் ஓர் ஓட்டை உண்டு. தும்மல் வரவைக்கும் மகரந்தம் பெரும்பாலும் காற்றில் பறக்கும் புல், மர வகையுடையது. தேனீ தேடிப் போவது பூச்சிகளை அழைக்கும் பூக்களை.

தினசரிச் சாப்பாட்டில் சர்க்கரைக்குப் பதில் தேன் சேர்க்கலாம், ஆனால் கணக்கு வேண்டும். வெளியிலிருந்து சேரும் சர்க்கரையை ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தேனும் அந்தப் பட்டியலில்தான் வருகிறது. 5 சதவீதம் என்பது ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராம். நான்கு தேக்கரண்டித் தேனிலேயே அது தீர்ந்துவிடும். அன்றைக்கு வேறு இனிப்பே தொடக் கூடாது.

ஒரு அவசரப் பயன் உண்டு, இது பலருக்குத் தெரியாது. குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டால் அது உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் அரித்துவிடக்கூடும். விழுங்கிப் 12 மணி நேரம் ஆகாமல், குழந்தை ஒரு வயதைத் தாண்டியிருந்து, விழுங்கவும் முடிகிறது என்றால், மருத்துவமனைக்குப் போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை 10 மில்லி தேன், அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கும்படி அமெரிக்காவின் தேசியத் தலைநகர் நஞ்சு மையம் பரிந்துரைக்கிறது. தேன் பேட்டரியைச் சுற்றிப் படிந்து அரிப்பை மெதுவாக்கும். தேன் வாங்குவதற்காக ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. கையில் இருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் ஓடுங்கள்.

வைத்துக்கொள்வது

காற்றுப்புகாத கண்ணாடி பாட்டில், வெயில் படாத அலமாரி, ஈரமில்லாத கரண்டி. இந்த மூன்றும் போதும். தேன் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் பொருள். மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டால் மேற்பரப்பு நீர்த்துவிடும். இரும்பு, செம்புப் பாத்திரத்தில் வைக்காதீர்கள். அமிலம் உலோகத்தை அரிக்கும். ஃப்ரிட்ஜ் தேவையில்லை, உள்ளே வைத்தால் கெட்டியாகிக் கரண்டிக்கு வராது. உறைந்துவிட்டால் 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெந்நீரில் பாட்டிலை நிறுத்தி, பொறுமையாக அவ்வப்போது கலக்கிவிடுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், ஓரிடம் ஆறியிருக்கும், ஓரிடம் கொதிக்கும்.

மேலே நுரை கட்டி, மூடியைத் திறந்ததும் புஸ் என்று காற்று வந்து, புளித்த வாடை அடித்தால் ஈரம் ஏறி ஈஸ்ட் வேலை செய்திருக்கிறது. அந்தப் பாட்டிலை மருந்துக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். காயத்துக்கு வாங்கிய ட்யூபைத் திறந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள். ஒருவர் புண்ணுக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போடக் கூடாது. முக்கியமாக, அதைச் சமையலறை அலமாரியில் வைக்காதீர்கள். யாராவது ரொட்டியில் தடவிவிடுவார்கள்.